முட்டி மடங்க யாரிடம் போவது? சென்னையில் பிசியோதெரபிக்கு உள்ள வழிகள்

அம்மாவுக்கு வலது முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் "பிசியோதெரபி தொடரவும்" என்று மட்டும் இருந்தது. எங்கே, யாரிடம், எத்தனை நாள் என்று ஒன்றும் இல்லை. பக்கத்துத் தெரு கிளினிக் ஒன்றில் பத்து சிட்டிங்குக்குச் சேர்த்துப் பணம் கட்டினோம். பத்து நாளும் முட்டியைச் சுற்றி நாலு பேடு ஒட்டிக் கரண்ட் வைத்தார்கள், கால் மணி நேரத்தில் மிஷின் பெல் அடித்ததும் அனுப்பிவிட்டார்கள். ஒருவர்கூட அம்மாவின் காலை மடக்கிப் பார்க்கவில்லை.

பதினோராவது நாள் வேறொருவரை வீட்டுக்கு வரவழைத்தோம். அவர் அம்மாவைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, இரண்டு கை உள்ள பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை முட்டியின் பக்கவாட்டில் வைத்து அளந்தார். "68 டிகிரிதாம்மா மடங்குது. 90-க்கு மேல வந்தாத்தான் நாற்காலியிலேர்ந்து சுலபமா எழுந்திரிக்க முடியும்" என்றார். டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கத்திலேயே தேதி போட்டு 68 என்று எழுதினார். அந்த எண் கிடைத்த பிறகுதான் எதை நோக்கிப் போகிறோம் என்பதே எங்களுக்குப் புரிந்தது.

அதற்கப்புறம் சொந்தக்காரர்களும் கூட வேலை செய்கிறவர்களும் "நல்ல பிசியோ யாராவது தெரியுமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேளச்சேரியில் இருக்கும் ஒருவர் பெயரைப் பெரம்பூரில் இருப்பவருக்குச் சொல்லி என்ன பயன்? எந்த மாதிரி இடத்துக்குப் போவது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால், ஆளைத் தேடுவது சுலபம். சென்னையை வைத்தே எழுதுகிறேன். மதுரை, கோவையில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே வழிகள்தான், மருத்துவமனைப் பெயர்கள் மட்டும் மாறும்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

எல்லாவற்றிலும் பெரிய அளவுகோல் முதல் நாள் பரிசோதனை. நல்ல பிசியோ முதல் நாள் மிஷினைத் தொடுவதற்கு முன்பு கேள்வி கேட்பார். எப்போது வலிக்கிறது, ராத்திரி தூக்கம் கெடுகிறதா, சர்க்கரை இருக்கிறதா, வீட்டில் எத்தனை படி ஏற வேண்டும், இந்தியன் டாய்லெட்டா வெஸ்டர்னா என்றெல்லாம் கேட்பார். அப்புறம் நடக்கச் சொல்லிப் பார்ப்பார், மூட்டு எவ்வளவு அசைகிறது என்று அளப்பார், அதை எழுதி வைப்பார். எழுதாத இடத்தில் முன்னேற்றம் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, மிஷினுக்கும் பயிற்சிக்கும் எவ்வளவு நேரம் பிரிகிறது என்பது. கரண்ட் வைப்பது, அல்ட்ராசவுண்ட், மெழுகு ஒத்தடம் எல்லாம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. வலி கொஞ்சம் அடங்கினால் பயிற்சி செய்ய முடியும், அந்த அளவுக்கு அவை உதவும். ஆனால் தசைக்கு வலு வருவதும் மூட்டு மடங்குவதும் நோயாளி தானே அசைத்துச் செய்யும் பயிற்சியால்தான். மிஷின்களில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. எஸ்டபிள்யூடி என்று ஆழமாகச் சூடு கொடுக்கும் மிஷினை, உடம்புக்குள் பிளேட், ஸ்க்ரூ, செயற்கை மூட்டு உள்ள இடத்தில் வைக்கக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அந்த மிஷினே கூடாது. எந்த மிஷினை வைப்பதற்கு முன்பும் இதை அவர்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, படிப்பு. பிபிடி என்ற பிசியோதெரபி இளநிலைப் பட்டம் இதுவரை நான்கரை ஆண்டுப் படிப்பாக இருந்து வந்தது, கடைசி ஆறு மாதம் மருத்துவமனைப் பயிற்சி. அதற்கு மேல் எம்பிடி என்ற முதுநிலைப் பட்டம் இரண்டு ஆண்டு. அதில் எலும்பு மூட்டு, நரம்பு, இதயம் நுரையீரல், விளையாட்டுக் காயம் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. பக்கவாதத்துக்கு நரம்புப் பிரிவு படித்தவர், முட்டிக்கு எலும்பு மூட்டுப் பிரிவு படித்தவர் என்று பார்ப்பது நல்லது. பிசியோதெரபி உள்ளிட்ட படிப்புகளுக்கென்று நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே 2021-இல் வந்துவிட்டது. ஆனாலும் சில மாதப் பயிற்சியை வைத்துக்கொண்டு போர்டு மாட்டியவர்களும் ஊரில் இருக்கிறார்கள். "எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?" என்று கேட்பதில் தப்பே இல்லை. படித்தவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

மீதி அளவுகோல்கள் வீட்டுக்கு வீடு மாறும். தினமும் ஒரே ஆள் பார்ப்பாரா, போய்வர எவ்வளவு சிரமம், மொத்தமாக எவ்வளவு ஆகும். மொத்தம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நாங்கள் கட்டியது சிட்டிங்குக்கு 400 ரூபாய். ஆட்டோ போக வர 200. பத்து சிட்டிங் என்றால் 4,000 என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்போம், நிஜத்தில் 6,000. கூடப் போகிறவரின் அரை நாள் லீவு அதில் சேரவே இல்லை.

## அரசு மருத்துவமனை

சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை என்று பெரிய அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. கே.கே. நகரில் புனர்வாழ்வுக்கென்றே தனியாக ஓர் அரசு மருத்துவமனை உண்டு. செயற்கைக் கால், வலுவில்லாத காலைத் தாங்கும் காலிப்பர் எல்லாம் அங்கேயே செய்து தருகிறார்கள். கால் எடுக்கப்பட்டவர்கள், தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் வீட்டில் இருந்தால் முதலில் அங்கே போய்ப் பார்ப்பதே சரி. தனியாரில் இத்தனையும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் செலவு தாங்காது.

இங்கே வேலை செய்பவர்கள் பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கை அதிகம். பக்கவாதம், விபத்துக் காயம், தீக்காயத்துக்குப் பின் இறுகிய கை என்று தெருமுனை கிளினிக்கில் எப்போதாவது வருவதை இவர்கள் தினமும் பார்க்கிறார்கள். எலும்பு டாக்டரும் நரம்பு டாக்டரும் அதே வளாகத்தில் இருப்பதால், சந்தேகம் வந்தால் உடனே காட்ட முடிகிறது.

பணம் வாங்காவிட்டாலும் நேரத்தை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் காலை வேளைதான். முதலில் ஓபி சீட்டு, டாக்டர், அங்கிருந்து பிசியோவுக்கு எழுதிக் கொடுப்பது என்று முதல் நாள் முழுக்கப் போய்விடும். வளாகத்துக்குள்ளேயே நிறைய நடக்க வேண்டும். வாக்கரில் நிற்கும் ஒருவருக்கு அது பெரிய தூரம். தினக்கூலிக்குப் போகிற மகனோ மகளோ கூட வர வேண்டும் என்றால், இலவசம் என்பது அந்த வீட்டுக்கு ஒரு நாள் சம்பளம்.

எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருவது எல்லோருக்கும் தெரியும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதே திட்டத்தில் சேர்ந்ததுதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பக்கத்தில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம், 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்தும் விசாரிக்கலாம். தினமும் வருவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. வருகிற அன்று வீட்டில் உள்ள ஒருவர் கூடவே நின்று பயிற்சியைக் கற்றுக்கொண்டு, மற்ற நாள்களில் செய்துவிட வேண்டும்.

## அறுவை சிகிச்சை நடந்த தனியார் மருத்துவமனை

பெரிய அனுகூலம், ஆபரேஷன் செய்த டாக்டரோடு பிசியோவுக்கு நேரடித் தொடர்பு இருப்பது. எந்தக் காலில் எவ்வளவு எடை போடலாம், எந்த அசைவு ஆறு வாரத்துக்குக் கூடாது என்பதெல்லாம் சர்ஜன் சொன்னால்தான் தெரியும். தோள் ஜவ்வு தைத்தவர்கள், முட்டி லிகமென்ட் ஆபரேஷன் ஆனவர்கள், முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனவர்கள் முதல் சில வாரமாவது அங்கேயே பார்ப்பது நல்லது. தப்பான வாரத்தில் தப்பான அசைவு கொடுத்தால் தைத்ததே பிரிந்துவிடும்.

நான் விசாரித்த இடங்களில் தெரு கிளினிக்கைவிட இங்கே சிட்டிங் கட்டணம் அதிகம்தான். பார்க்கிங், தூரம், காத்திருப்பு அதன் மேல். இன்னொன்று, ஷிப்டு மாறுவதால் திங்கள்கிழமை ஒருவர், வியாழக்கிழமை ஒருவர் என்று ஆள் மாறுவது. ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டி வரும். யாராவது ஒருவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு அவருடைய நேரத்துக்கே அப்பாயின்ட்மென்ட் வாங்கினால் இது ஓரளவு சரியாகும்.

மெடிக்ளெய்ம் உள்ளவர்கள் இதையும் கவனியுங்கள். பல பாலிசிகளில் டிஸ்சார்ஜ் ஆன பிறகும் 60 நாள், சிலவற்றில் 90 நாள் வரை, அந்த நோய்க்கான செலவைக் கேட்டு வாங்கலாம். பிசியோவும் அதில் சேரக்கூடும். அதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் முறையான பில்லும் வேண்டும். டிஸ்சார்ஜ் அன்றே "எத்தனை சிட்டிங், எந்த மூட்டுக்கு" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நாங்கள் கேட்கவில்லை, முதல் பத்து சிட்டிங் பணம் கைக்காசாகப் போனது.

## பிசியோதெரபி கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை

இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா, காட்டாங்கொளத்தூரில் எஸ்ஆர்எம், தண்டலத்தில் சவீதா போன்ற இடங்களில் பிசியோதெரபிக் கல்லூரியும் மருத்துவமனையும் ஒன்றாக இருக்கின்றன. மாணவர்தான் கூட இருந்து செய்வார், பேராசிரியர் மேற்பார்வை பார்ப்பார். மாணவர் கையிலா என்று தயங்க வேண்டாம். அவர் பார்த்ததை எழுதிக்காட்ட வேண்டும், ஏன் இந்தப் பயிற்சி என்று ஆசிரியர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அதனால் பரிசோதனை பொறுமையாக நடக்கும். பக்கவாதம், பார்கின்சன், நீண்ட நாள் முதுகுவலி போன்றவற்றுக்கு, தெரு கிளினிக்கைவிட இதைத்தான் முதலில் சொல்வேன். குறை, தூரம். திருவொற்றியூரிலிருந்து தண்டலத்துக்குத் தினமும் போய்வருவது நடக்காத காரியம். மாணவர்களின் பயிற்சிக் காலம் முடிந்தால் ஆளும் மாறிவிடுவார்.

## பக்கத்துத் தெரு கிளினிக்

நடந்தே போகலாம், சாயங்காலம் ஏழு மணிக்கும் திறந்திருக்கும், ஒரே ஆள் பார்ப்பார். ஆபீஸ் போகிறவர்களின் கழுத்துவலி, முதுகுவலி, தோள் இறுக்கம், கணுக்கால் பிசகு எல்லாவற்றுக்கும் இது போதும். தோள் இறுக்கம் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். குணமாக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அவ்வளவு நாள் போய்வர இடம் பக்கத்தில் இருந்தால்தான் தொடர்ந்து போவோம்.

ஆனால் நல்லதற்கும் மோசத்துக்கும் இடையே தூரம் அதிகமாக இருப்பதும் இந்த வகையில்தான். எங்களுக்கு அமைந்தது மோசமான ஒன்று, அடுத்த தெருவிலேயே நல்ல ஒருவர் இருந்தது பிறகுதான் தெரிந்தது. முன்பணம் கட்டுவதற்கு முன்பு அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து பாருங்கள். ஒரே நேரத்தில் ஐந்து பேர் படுத்திருக்க, ஒரு உதவியாளர் மட்டும் மிஷின் மாற்றிக்கொண்டிருந்தால் கிளம்பிவிடுங்கள். ஒருவரை நிற்கவைத்து, உட்காரவைத்து, "இன்னொரு தடவை செய்யுங்க, இப்ப தோளைத் தூக்காம செய்யுங்க" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த இடம் சரி.

பேக்கேஜ் விஷயத்தில் உறுதியாக இருங்கள். பத்து சேர்த்துக் கட்டினால் ஒன்று இலவசம் என்பார்கள். முதல் மூன்று சிட்டிங்குக்குத் தனித்தனியாகக் கட்டுகிறேன், பிடித்தால் பேக்கேஜ் எடுக்கிறேன் என்று சொல்லுங்கள். நாங்கள் மூன்றாவது நாளே வெளியே வந்திருப்போம். கட்டிய பணம் போய்விடுமே என்றுதான் மீதி ஏழு நாளும் போனோம். ஆபரேஷன் ஆன முட்டிக்கு அந்த ஏழு நாள் ரொம்ப முக்கியமான நாள்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. இடுப்பு, முதுகு என்றால் பெண் பிசியோ வேண்டும் என்று கேட்கலாம், துணைக்கு ஒருவர் உள்ளே இருக்க வேண்டும் என்றும் சொல்லலாம். அதற்கு முகம் சுளிக்கும் இடம் வேண்டாம்.

## வீட்டுக்கு வரும் பிசியோ

ஒரு தடவைக்கான கட்டணம் கிளினிக்கைவிட அதிகம். நாங்கள் கொடுத்தது 700. ஆனால் ஆட்டோ இல்லை, லீவு இல்லை. அதைவிடப் பெரிய லாபம் நம் வீட்டையே அவர் பார்ப்பதுதான். அம்மா ராத்திரி வலிக்கு இதமாக இருக்கிறதென்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வந்தவர் கண்ணில் பட்டதும் எடுத்துவிட்டார். அப்படியே தூங்கினால் கால் முழுசாக நீளாமல் போய்விடும், மடங்குவது எவ்வளவு முக்கியமோ நீளுவதும் அவ்வளவு முக்கியம் என்று விளக்கினார். ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். கால் தானாக நீளத் தொடங்கியது. "தம்பி, உயிர் போகுதுப்பா" என்றார் அம்மா. "பத்து எண்ணுங்கம்மா, பத்துல எடுத்துடலாம்" என்றார் அவர்.

பாத்ரூம் வாசல் படி, கட்டிலின் உயரம், கால் இடறும் மிதியடி எல்லாவற்றையும் பார்த்துச் சொன்னார். மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில் என்பதை எங்கள் வீட்டுப் படியிலேயே நாலு தடவை செய்யவைத்தார். ஸ்டிக்கை எதிர்க் கையில், அதாவது இடது கையில் பிடிக்க வேண்டும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. எட்டே தடவைதான் வந்தார். மீதி நாள்களில் நாங்கள் செய்தோம். 5,600 ரூபாயில் முடிந்தது.

குறைகளும் உண்டு. பிடித்து நடக்க இணைக் கம்பி, சைக்கிள், எடை மிஷின் எதுவும் வீட்டில் இருக்காது, அதனால் ஒரு கட்டத்துக்கு மேல் வலு ஏற்றுவது கஷ்டம். ஒரு மணி நேரம் என்று பேசியது டிராபிக் பெயரில் முக்கால் மணி, அரை மணி என்று குறையும். ஆப் வழியாகவோ ஏஜென்சி வழியாகவோ பிடித்தால் ஆள் மாறி மாறி வரலாம். வயதானவர்களைக் கவனிக்க வரும் அட்டெண்டரே கை கால் அமுக்கிவிட்டுப் பிசியோ என்று சொல்லிக்கொள்வதும் நடக்கிறது. படிப்பை முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். வீடியோ காலில் பார்ப்பவர்களும் உண்டு. ஒரு தடவை நேரில் பார்த்தவர் தொடர்ந்து கவனிக்க அது சரிப்படும், முதல் பரிசோதனைக்குச் சரிப்படாது.

## கட்டு போடும் இடங்கள்

புத்தூர் கட்டு என்ற போர்டு இல்லாத பகுதி சென்னையில் குறைவு. ஆந்திராவில் உள்ள புத்தூரின் பெயரில் நடப்பவை. பிசகு, சுளுக்கு என்றால் தாத்தா காலத்திலிருந்து போகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த நம்பிக்கையை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் எக்ஸ்ரே எடுக்காமல் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் கறுத்து, கையையே எடுக்க வேண்டிய நிலைகூட வரும். கட்டுக்குப் பிறகு விரல் மரத்தாலோ, நீலமானாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ உடனே கட்டை அவிழ்த்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆபரேஷன் ஆன மூட்டுக்கும் பக்கவாதத்துக்கும் இது வழியே இல்லை.

## யாருக்கு எது

| நிலைமை | முதலில் பார்க்க வேண்டியது | பிறகு |
|---|---|---|
| முட்டி, இடுப்பு மாற்று ஆபரேஷன் | முதல் இரண்டு மூன்று வாரம் வீட்டுக்கு வருபவர் | நடக்க ஆரம்பித்ததும் பக்கத்துக் கிளினிக் |
| லிகமென்ட், தோள் ஜவ்வு, முதுகெலும்பு ஆபரேஷன் | ஆபரேஷன் நடந்த மருத்துவமனை | சர்ஜன் சம்மதித்ததும் கிளினிக் |
| பக்கவாதம் | அரசு அல்லது கல்லூரி மருத்துவமனை | வீட்டுக்கு வருபவர், மக்களைத் தேடி மருத்துவம் |
| கழுத்து, முதுகு, தோள் வலி | பக்கத்துக் கிளினிக் | சரியாகாவிட்டால் டாக்டர், கல்லூரி மருத்துவமனை |
| கால் இழப்பு, தண்டுவடக் காயம் | கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை | வீட்டுப் பயிற்சி |

ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போக வேண்டியதில்லை, கட்டத்துக்குக் கட்டம் மாறலாம். மாறும்போது பழைய இடத்தில் எழுதிய குறிப்பை வாங்கிக்கொண்டு போங்கள்.

பக்கவாதத்தில் மட்டும் யோசிக்க நேரம் எடுக்காதீர்கள். முன்னேற்றம் வேகமாக வருவது முதல் சில மாதங்களில்தான். எங்கே போவது என்று முடிவாகாவிட்டாலும், டாக்டர் சரி என்றதும் கிடைத்த இடத்தில் ஆரம்பித்துவிட்டு, அப்புறம் நல்ல இடம் தேடலாம். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து ஆளைத் தூக்காதீர்கள், தோள் மூட்டு இறங்கிவிடும்.

குழந்தைகளின் மூளை முடக்குவாதத்துக்குப் பெரியவர்களைப் பார்க்கும் கிளினிக் போதாது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம், 1985-இல் தொடங்கிய, கோட்டூர்புரத்தில் உள்ள வித்யா சாகர் அமைப்பு ஆகியவற்றில் விசாரியுங்கள்.

## பிசியோவை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டிய நேரம்

ஆபரேஷனுக்குப் பிறகு கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், அமுக்கிவிடவே கூடாது, ரத்தம் உறைந்திருக்கலாம். அதோடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐ அழைக்க வேண்டியதுதான். முதுகுவலியோடு சிறுநீர் போவதில் சிரமம், தொடை இடுக்கில் மரமரப்பு, கால் திடீரென்று வலுவிழப்பது இருந்தால் அன்றே மருத்துவமனை. காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் குறையாத ராத்திரி வலி இருந்தாலும் முதலில் டாக்டர்தான். இவற்றைக் கேட்டதும் "முதல்ல டாக்டரைப் பார்த்துட்டு வாங்க, அப்புறம் பிசியோ பார்க்கலாம்" என்று உங்களைத் திருப்பி அனுப்புகிற பிசியோ கிடைத்தால், அவருடைய நம்பரைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.